தடைக்காலத்தில் இரும்பு விசைப்படகின் அடிவேலை: துருவுக்கும் கொட்டலசுக்கும் சேர்த்து ஒரு வழிமுறை

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகளின் அடிவேலை பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. சிலிப்வேயில் (படகைக் கரையேற்றும் சரிவுத்தளத்தில்) இடத்துக்குக் காத்திருப்பதிலேயே நாட்கள் போய்விடும். மிச்ச நாளில் அவசர அவசரமாக ஒரு கோட்டிங் அடித்து இறக்கினால், சில மாதங்களில் அடியெல்லாம் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓடுள்ள கடலுயிரி) காய்த்து டீசல் செலவு ஏறும், அடுத்த முறை ஏற்றும்போது தகடு மாற்றும் செலவு காத்திருக்கும். இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்வது நீர்மட்டத்தில் 20 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 2 மீட்டர் மூழ்கும் ஆழம் உள்ள இரும்புப் படகு. உங்கள் படகின் அளவு வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

துருவைத் தடுப்பதும் கொட்டலசைத் தடுப்பதும் ஒரே வேலை என்று நினைத்தால் இரண்டும் கெடும். 1824-இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகடு அரிப்பதைத் தடுக்க, அதன்மேல் இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தினார். அரிப்பு நின்றது. ஆனால் அதுவரை சுத்தமாக இருந்த செம்பில் பாசியும் கொட்டலசும் மண்டின. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்த செம்புதான் அவற்றை அண்டவிடாமல் வைத்திருந்தது. அரிப்பு நின்றதும் அந்தக் காவலும் போயிற்று; திட்டத்தைக் கைவிட்டார்கள். இன்றைய படகிலும் இந்த இழுபறி அப்படியே இருக்கிறது. கொட்டலசை அண்டவிடாத ஆன்டிஃபவுலிங் பெயின்டில் செம்பு, உடம்பில் தான் கரைந்து இரும்பைக் காக்கும் ஜிங்க் (துத்தநாக) கட்டி. இரண்டுக்கும் நடுவில் எபாக்ஸி (தகட்டை மூடும் அடிப்பெயின்ட்) சரியாக நின்றால்தான் இரண்டும் தத்தம் வேலையைப் பார்க்கும்.

ஏற்றியதும் முதல் ஒரு மணி நேரம்

கழுவுவதற்கு முன் படகைச் சுற்றி வந்து பாருங்கள், செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பீய்ச்சியபின் இந்தத் தடயங்கள் எதுவும் மிஞ்சாது. பார்க்க வேண்டியவை:

ஜிங்க் கட்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறது? ஒரு வருடத்துக்குப் பாதிக்குமேல் கரைந்திருக்க வேண்டும். போட்ட மாதிரியே புதிதாக இருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அது வேலையே செய்யவில்லை, அதன் பங்கையும் தகடு கரைந்து கொடுத்திருக்கிறது.

குழி விழுந்திருந்தால் அதன் நிறமும் விளிம்பும் முக்கியம். சாதாரணத் துருக்குழி பழுப்புச் செதில்களோடு மங்கலாக இருக்கும். விளிம்பு கூராக, உள்ளே இரும்பு பளபளவென்று தெரிந்தால் பெரும்பாலும் மின்கசிவு. கீழே அதற்குத் தனியாக வருகிறேன்.

பெயின்ட் கொப்புளம் இருந்தால் ஊசியால் குத்தி, வரும் நீரில் பிஎச் தாளை வையுங்கள். 10-க்கு மேல் காட்டினால் ஜிங்க் அல்லது வேறு மின்னோட்டம் அளவுக்கு மீறி வேலை செய்து பெயின்டைத் தூக்கியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். 7-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால், பெயின்டுக்கு அடியில் உப்போ தின்னரோ சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு நல்ல தண்ணீரில் 200 பாருக்குக் குறையாத அழுத்தத்தில் கழுவுங்கள். காயவிட்டால் கொட்டலசின் பசை இறுகிவிடும், ஈரமாக இருக்கும்போதே சுரண்டினால் பாதி உழைப்பு மிச்சம். மேல் ஓடு போனாலும் வெள்ளை வட்டமாக அடித்தகடு ஒட்டியிருக்கும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் பின்னால் அது கழன்று விழும்போது பெயின்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு வட்டத்தையும் சுரண்டியே ஆக வேண்டும். பழைய ஆன்டிஃபவுலிங்கை உலர வைத்துத் தேய்க்கக் கூடாது. அந்தத் தூசியில் செம்பு ஆக்சைடு இருக்கிறது. ஈரத்தோடு தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், சுரண்டியதைத் தார்ப்பாயில் பிடித்துக் கரையிலேயே அப்புறப்படுத்துங்கள்.

தகட்டின் தடிமனை அல்ட்ராசானிக் கருவியால் அளந்து எழுதி வையுங்கள். மூல அளவில் 20–25 சதவீதம் குறைந்த இடத்தில் பெயின்ட் அடித்து ஏமாற்ற முடியாது, தகடு மாற்றுவதுதான் வழி. வெளியே அப்பழுக்கின்றி இருக்கும் தகடு உள்ளிருந்து தின்னப்படுவதும் உண்டு: பில்ஜில் (படகின் அடிக்குழியில்) தேங்கிய எண்ணெய்த் தண்ணீர், ஐஸ் உருகி மீன் ரத்தத்தோடு நிற்கும் ஹோல்டின் (மீன் அறையின்) மூலைகள். அளக்கும்போது இந்த இடங்களை விடாதீர்கள்.

உப்பு, பனி, துரு

பெயின்ட் உரிவதற்குப் பெயின்ட் கம்பெனியைத் திட்டுவது வழக்கம். பெரும்பாலும் தப்பு அடித்தளத்தில்தான் இருக்கும்.

துருப்பிடித்த இடம் பரவலாக இருந்தால் கிரைண்டரை வைத்து மல்லுக்கட்டாமல் பிளாஸ்டிங் (அழுத்தக் காற்றில் துகள் பீய்ச்சித் துரு எடுத்தல்) செய்யுங்கள். தரம் எஸ்ஏ 2½ (கிட்டத்தட்ட வெறும் இரும்பு தெரியும் அளவு), சொரசொரப்பு 50 முதல் 75 மைக்ரான், நாசிலில் 7 பார் அழுத்தம். ஆற்று மணல் வேண்டாம். அதன் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கார்னெட் அல்லது செம்புக் கசடு போதும். புதிதாகத் தகடு மாற்றிய இடத்தில் நீலக்கறுப்பாக ஒட்டியிருக்கும் மில் ஸ்கேலை (ஆலையில் தகடு உருட்டும்போது படியும் ஆக்சைடு தோலை) ஒரு பொட்டுகூட விடக் கூடாது. கடல்நீரில் மில் ஸ்கேல் இரும்பைவிட நேர்மின்னழுத்தம் கொண்டது. சுற்றியுள்ள வெறும் இரும்பைத் தின்று குழி போடும். புதுத் தகடு பழையதைவிட வேகமாக அரிக்கிறது என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான்.

பிளாஸ்டிங் துருவை எடுக்கும், உப்பை முழுதாக எடுக்காது. ப்ரெஸ்லே பட்டை (தகட்டில் உள்ள உப்பை அளக்கும் ஒட்டுப்பட்டை) ஒட்டி 15 மில்லி சுத்த நீரில் கடத்துதிறன் பாருங்கள். சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோசீமென்ஸ் ஏறினால் ஒரு சதுர மீட்டருக்கு 6 மில்லிகிராம் உப்பு என்பது கணக்கு. 8 ஏறினாலே 50 மில்லிகிராமைத் தொட்டுவிடும். அதற்கு மேல் இருந்தால் மறுபடி நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, லேசாக ஸ்வீப் பிளாஸ்ட் அடியுங்கள். கருவி இல்லையென்றால், பிளாஸ்டிங்குக்கு முன்பே இரண்டு முறை நல்ல தண்ணீரில் கழுவுவதைக் கட்டாயமாக்குங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் டேங்கர் தண்ணீர் வாங்கும் காசு வீண்போகாது.

அடுத்தது பனி. தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 26 டிகிரி. தகடு 29-ஐத் தாண்டினால்தான் பிரஷ்ஷைத் தொடலாம். விடியற்காலையில் குளுமையாக இருக்கிறதே என்று ஆள் இறக்கினால், கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின்மேல் எபாக்ஸி உட்காரும். காலை ஒன்பது மணிக்குமேல் பிளாஸ்டிங், அன்றே மதியம் மூன்று மணிக்குள் பிரைமர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சிக்கல் வராது. வெயில் நேராக விழும் பக்கத்தில் தகடு 50 டிகிரியைத் தாண்டினால் அங்கே பின்னேரம் அடியுங்கள், இல்லாவிட்டால் குமிழி வரும். பிளாஸ்ட் செய்த தகட்டை இரவு முழுக்க வெறுமனே விட்டால் காலையில் செம்மண் நிறத்தில் இருக்கும், செய்த வேலை வீண்.

எவ்வளவு பெயின்ட்?

அடிப்பரப்பு: நீர்மட்ட நீளத்தை அகலமும் ஆழமும் சேர்ந்த தொகையால் பெருக்குங்கள். 20 × (6 + 2) = 160 சதுர மீட்டர். கனமான அடியுள்ள விசைப்படகுக்கு இது போதுமான நெருக்கம்.

ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் வரும் என்பதற்கு, டப்பாவில் போட்டிருக்கும் திடப்பொருள் சதவீதத்தை 10-ஆல் பெருக்கி, வேண்டிய உலர்தடிமனால் வகுக்க வேண்டும். 80 சதவீத எபாக்ஸியை 125 மைக்ரானுக்கு அடித்தால் 6.4 சதுர மீட்டர். காற்றில் போவது, ரோலரில் ஒட்டுவது எல்லாம் சேர்த்து 30 சதவீதம் கழித்தால் கிட்டத்தட்ட 4.5. ஆக ஒரு கோட்டிங்குக்கு 36 லிட்டர், இரண்டுக்கு 72. அதற்கு மேல் எபாக்ஸியையும் ஆன்டிஃபவுலிங்கையும் பிணைக்கும் டை கோட், 60 சதவீதத் திடப்பொருள், 75 மைக்ரான்: 29 லிட்டர். ஆன்டிஃபவுலிங் 50 சதவீதம், 100 மைக்ரான் வீதம் இரண்டு கோட்டிங்: 92 லிட்டர். அணியம் (படகின் முன்பகுதி), நீர்மட்டக் கோடு, சுக்கான், பில்ஜ் கீல் விளிம்பு ஆகியவற்றுக்கு மூன்றாவது கோட்டிங்காக 10–12 லிட்டர் கூடுதல். தண்ணீர் வேகமாக உரசும் இந்த இடங்களில்தான் பெயின்ட் முதலில் தீரும்.

இந்தத் தடிமன் ஏர்லெஸ் ஸ்ப்ரேயில் கிடைக்கும். ரோலரில் ஒரு கோட்டிங்குக்கு 60–70 மைக்ரான்தான் நிற்கும், எனவே இரண்டுக்குப் பதில் நான்கு. ஈரத் தடிமன் சீப்பை அடிக்கடி அழுத்திப் பாருங்கள். 125 உலர்தடிமனுக்கு ஈரத்தில் 155–160 காட்ட வேண்டும்.

ஒவ்வொரு கோட்டிங்குக்கும் முன் வெல்டிங் தையல், தகட்டு விளிம்பு, ஓட்டை ஓரம் எல்லாவற்றையும் பிரஷ்ஷால் ஒருமுறை அடிக்க வேண்டும். கூரான விளிம்பிலிருந்து பெயின்ட் விலகி ஓடும். ஸ்ப்ரே மட்டும் அடித்தால் அங்கே பாதித் தடிமன்கூட நிற்காது, துருவும் அங்கிருந்தே தொடங்கும்.

இரண்டு டப்பா எபாக்ஸியைக் கண்மதிப்பில் பிரித்துக் கலக்காதீர்கள். முழு டப்பாவும் முழு ஹார்டனரும் சேர்த்து மிஷினில் கலக்குங்கள். தரவுத்தாளில் 23 டிகிரிக்குப் போட்டிருக்கும் கலவை ஆயுள் நம் மே மாத வெயிலில் பாதிக்கும் கீழே இறங்கும். கெட்டியாகிறதே என்று தின்னர் ஊற்றி இழுக்கும் பழக்கம் படகுத்துறைகளில் ஊறிப்போனது. அந்தத் தின்னர் அடியில் மாட்டிக்கொண்டு ஆறு மாதத்தில் கொப்புளமாக வெளிவரும். ஈரப்பதம் அதிகமான இரவுக்குப் பிறகு எபாக்ஸியின் மேல் பிசுபிசுப்பு தெரிந்தால் அது அமீன் கசிவு. நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவாமல் அடுத்த கோட்டிங் அடித்தால் அது ஏடு ஏடாக உரியும்.

டை கோட்டும் ஆன்டிஃபவுலிங்கும் சேரும் நேரம்தான் இந்த வேலை முழுவதிலும் இக்கட்டான இடம். கட்டைவிரலை டை கோட்டில் அழுத்துங்கள். ரேகை பதிய வேண்டும், ஆனால் விரலில் பெயின்ட் வரக் கூடாது. அந்தப் பதத்தில் ஆன்டிஃபவுலிங் அடித்தால் இரண்டும் பிணையும். ரேகை பதியாத அளவு இறுகிவிட்டால் தரவுத்தாளின் கால எல்லையைப் பாருங்கள். தாண்டியிருந்தால் தேய்த்துவிட்டு இன்னொரு டை கோட். ஆன்டிஃபவுலிங் பாளம் பாளமாக விழும் படகுகளில் பெரும்பாலும் இந்த நேரம்தான் தவறியிருக்கும்.

எந்த ஆன்டிஃபவுலிங்?

8–10 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் போய், 2–3 நாட் வேகத்தில் வலை இழுத்து, துறையில் பல நாள் நிற்கும் படகுக்கு, மெதுவேகத் தரத்தில் வரும் தானாகத் தேயும் செம்பு ஆக்சைடு பெயின்ட்தான் பொருத்தம். வேகக் கப்பல்களுக்கான தரத்தை வாங்கினால் நம் வேகத்துக்கு அது தேயாது, மேல்தோல் செத்துப்போய்ப் பாசி பிடிக்கும். சிலிக்கோன் வழுக்குப் பூச்சு வேகமாக ஓடும் கப்பலில் நன்றாக இருக்கும். படகோடு படகு உரசி நிற்கும் நம் துறைகளில் ஒரே சீசனில் கிழிந்துவிடும். செம்பை மட்டும் நம்பினால் நீர்மட்டக் கோட்டில் பச்சைப் பாசி வரும், சில பாசிகள் செம்பைத் தாங்கும். துத்தநாகப் பைரிதியோன் போன்ற கூட்டு மருந்து உள்ளதா என்று டப்பாவில் பாருங்கள். டிபிடி எனும் டின் சேர்மத்துக்குப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் உடன்படிக்கைப்படி 2008 செப்டம்பர் 17 முதல் தடை, சைபூட்ரைன் எனும் பாசிக்கொல்லிக்கு 2023 முதல். பழைய கையிருப்பு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். பூச்சிமருந்து, மிளகாய்ப்பொடி கலப்பதும் வேண்டாம். பெயின்ட் படலம் பலவீனமாகும், வேறு லாபம் கிடையாது.

கட்டை தாங்கிய இடங்கள் கடைசி வரை பாக்கி நிற்கும். கட்டைகளை அரை மீட்டர் நகர்த்தி அந்த இடங்களுக்கும் முழு வரிசையில் எல்லாக் கோட்டிங்கும் அடியுங்கள். நேரமில்லை என்றால் இடங்களைக் குறித்து வைத்து அடுத்த வருடம் கட்டையை வேறிடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

கடைசிக் கோட்டிங்கை இறக்குவதற்கு மூன்று நான்கு நாள் முன் வைத்துக்கொள்வது நல்லது. மே நடுவில் அடித்து இறக்கித் துறையில் ஒரு மாதம் கட்டிப்போட்டால், ஓடாமல் நிற்கும் அந்த மாதத்திலேயே முதல் கொட்டலசு உட்காரும். அதன் குஞ்சுகள் நீந்தி வந்து ஒட்ட இடம் தேடும்போது, தண்ணீர் ஓட்டமில்லாத அடிதான் அவற்றுக்கு வசதி.

ஜிங்க்: எத்தனை கிலோ, எங்கே?

நல்ல பெயின்ட் உள்ள அடியைத் துருவிலிருந்து காக்கச் சதுர மீட்டருக்கு 15 மில்லிஆம்பியர் மின்னோட்டம் வேண்டும் என்று வைத்தால் 160-க்கு 2.4 ஆம்பியர். வெறும் வெண்கலப் புரொப்பெல்லர் தனியாக நிறைய இழுக்கும். 1.5 சதுர மீட்டருக்கு 300 மில்லிஆம்பியர் வீதம் 0.45. மொத்தம் 2.85 ஆம்பியர். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம், ஆக சுமார் 25,000 ஆம்பியர்-மணி. ஒரு கிலோ ஜிங்க் 780 தரும், கட்டி 85 சதவீதம் தேயும் வரைதான் நம்பலாம். விடை 38 கிலோ. நடுக்கம்பியின் எடை நீங்கலாக 4 கிலோ கட்டி பத்து வாங்குங்கள்.

கடலூர் மாதிரி ஆற்று முகத்துவாரத்தில் நிற்கும் படகுகளுக்கு அலுமினியக் கலவைக் கட்டி மேல். உப்பு குறைந்த நீரில் ஜிங்க் மேல்தோல் கட்டிச் சோம்பிவிடும். அலுமினியத்தில் கிலோவுக்கு 2,000 என்று அடக்கமாக வைத்தாலும் 15 கிலோ போதும். ஆனால் ஒரே படகில் இரண்டையும் கலக்காதீர்கள்.

பழைய ஜிங்க்கை உருக்கி உள்ளூரில் வார்த்த கட்டி விலை குறைவு. அதில் இரும்பு 0.005 சதவீதத்தைத் தாண்டினால் மேலே கெட்டித் தோல் படிந்து மின்னோட்டம் நின்றுவிடும். சோதனைச் சான்றிதழ் இல்லாத கட்டியை வாங்குவதும் வாங்காததும் ஒன்றுதான்.

பத்தில் நான்கை அமரத்தில் (படகின் பின்பகுதியில்), புரொப்பெல்லருக்கும் சுக்கானுக்கும் அருகே, ஆனால் புரொப்பெல்லருக்குள் பாயும் நீரோட்டத்துக்கு நேர் முன்னால் வராமல் வையுங்கள். சுக்கானின் இரு முகத்திலும் ஒவ்வொன்று. மிச்ச நான்கை இருபக்கமும் பில்ஜ் வளைவில் பகிருங்கள். கடல்நீர் உறிஞ்சும் பெட்டிக்குள் தனியாக ஒரு சின்னக் கட்டி வேண்டும். வெளியே இருக்கும் ஜிங்க்கின் மின்னோட்டம் உள்ளே போதுமான அளவு எட்டாது. போல்ட் போடாமல் நடுக்கம்பியைத் தகட்டில் வெல்டு செய்யுங்கள். போல்டுக்கு அடியில் துரு ஏறினால் தொடர்பு அறுந்துவிடும். பெயின்ட் அடிக்கும் முன் கட்டிகளுக்கு டேப் ஒட்டி, இறக்கும் முன் மறக்காமல் கிழித்து எடுங்கள். பெயின்ட் படிந்த ஜிங்க் வெறும் பாரம்.

சுக்கான் தண்டை வளையும் கேபிளால் உடம்போடு இணையுங்கள். ஷாஃப்டுக்கு வெள்ளி-கிராஃபைட் பிரஷ் பொருத்தி, ஓட்டத்தில் ஷாஃப்டுக்கும் உடம்புக்கும் இடையே 50 மில்லிவோல்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்தபின் புரொப்பெல்லரில் முன்னைவிடக் கொட்டலசு அதிகம் பிடிப்பதாகத் தோன்றினால் பயப்பட வேண்டாம். டேவி கண்டது இங்கே நடக்கிறது. வெண்கலம் கரைவது நின்றதால் அதன் செம்பு நஞ்சும் நின்றுவிட்டது. ஜிங்க்கைக் கழற்றாமல், புரொப்பெல்லரைப் பளபளப்பாகத் தேய்த்து வைத்து, முக்குளிப்பவரைக் கொண்டு இடையில் ஒருமுறை துடைப்பதுதான் தீர்வு.

நீர்மட்டத்துக்கு மேலே ஜிங்க் எட்டாது. அலை அடித்து நனைந்து காயும் பட்டை அதிவேகமாக அரிக்கும் இடம். ஜெட்டித் தூண்களிலும் கடல் மேடைக் கால்களிலும் இந்தப் பட்டைக்குத் தனித் தடிமன் தகடு, உறை, பெட்ரோலாட்டம் டேப் என்று செய்வது இதனால்தான். படகில் அங்கே ஒரு எபாக்ஸி கோட்டிங் கூடுதலாகப் போடுங்கள். மரப்படகுக்கு மேலே சொன்ன ஜிங்க் கணக்குப் பொருந்தாது. அளவுக்கு மீறிய ஜிங்க், உலோகப் பொருத்தியைச் சுற்றிக் காரத்தை உண்டாக்கி மரத்தையே நார்நாராக்கிவிடும்.

வெல்டிங் மிஷின்

கரையில் மிஷின், ரிட்டர்ன் கிளாம்ப் பக்கத்துப் படகிலோ ஜெட்டிக் கம்பியிலோ, வெல்டிங் மிதக்கும் படகில். துறைகளில் அன்றாடக் காட்சி. அப்போது மின்னோட்டத்தின் ஒரு பகுதி தண்ணீர் வழியாகத் திரும்பும், வெளியேறும் இடத்தில் தகடு கரையும். 1 ஆம்பியர் ஒரு வருடம் ஓடினால் 9 கிலோ இரும்பு போகும். வெல்டிங்கில் நூற்றுக்கணக்கான ஆம்பியர், அதுவும் பெயின்டில் உள்ள ஊசித்துளைகள் வழியாக ஒருமுகமாக. சில மணி நேரத்தில் பளபளக்கும் குழிகள் விழ இது போதும். ரிட்டர்ன் கிளாம்ப் வெல்டு செய்யும் படகிலேயே, வெல்டு செய்யும் இடத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நெருக்கமாக, வெறும் இரும்பில் மாட்ட வேண்டும். பேட்டரி வயரிங்கில் உடம்பையே நெகட்டிவாகப் பயன்படுத்தாமல் இரண்டு வயர் இழுங்கள். நனைந்த பில்ஜ் பம்ப் வயர் ஒன்றே போதும், ஜிங்க்கைச் சீக்கிரமே தீர்த்துவிடும்.

இறக்கியபின்

24 மணி நேரம் கழித்து அளக்கவும். வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனையைக் கருப்பு வயரிலும், உடம்பைச் சிவப்பு வயரிலும் மாட்டி, மல்டிமீட்டரை டிசி 2 வோல்டில் வைத்து, அணியம், நடு, அமரம் மூன்றிலும் மின்முனையைத் தண்ணீரில் இறக்குங்கள். மைனஸ் 0.80 முதல் மைனஸ் 1.05 வோல்ட் வரை நல்லது. மைனஸ் 0.65-ஐ ஒட்டி நின்றால் ஜிங்க் தொடர்பில் இல்லை, அல்லது டேப் எடுக்க மறந்திருக்கிறார்கள். மைனஸ் 1.10-ஐத் தாண்டினால் எங்கிருந்தோ அந்நிய மின்சாரம் வருகிறது, கரை மின் இணைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்கவும். மின்முனை கைவசம் இல்லாவிட்டால் சுத்தமான ஜிங்க் துண்டு ஒன்றைக் கருப்பு வயரில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுங்கள், உடம்பைத் தொடக் கூடாது. மீட்டர் 0.25 வோல்ட் அல்லது அதற்குக் கீழ் காட்டினால் பாதுகாப்பு இருக்கிறது.

மாதம் ஒருமுறை அதே மூன்று இடத்தில் அளந்து டீசல் கணக்கு நோட்டிலேயே எழுதுங்கள். எண் மைனஸ் 0.85-ஐ விட்டு மைனஸ் 0.80-ஐ நோக்கி நகரத் தொடங்கினால் கட்டிகளை ஆள் விட்டு முக்குளித்துப் பார்க்கும் நேரம். கால்பங்குதான் மிச்சம் என்றால் அடுத்த தடைக்காலம் வரை காத்திருக்காமல், கேபிளில் கட்டித் தொங்கவிடும் ஜிங்க்கைத் துறையில் நிற்கும் நாட்களில் மட்டும் இறக்கலாம். கேபிளின் மறுமுனையை உடம்பில் வெறும் இரும்பு தெரிய கிளாம்ப் போட்டு, புறப்படும் முன் மேலே இழுத்துவிட வேண்டும்.